புத்தகங்களை நகர்த்துவதற்கு முன்

நூலகத்தை மாற்றியமைக்கப் போகிறோம் என்று ஒரு கூட்டம் கூட்டினால் மேஜைமேல் முதலில் விரிக்கப்படுவது தளவரைபடம்தான். எந்த அலமாரி வரிசை போகும், அந்த இடத்தில் எத்தனை நாற்காலி வரும், கண்ணாடித் தடுப்பு எங்கே நிற்கும் என்று பேச்சு ஓடும். பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இப்படிப்பட்ட கூட்டங்கள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். வரைபடத்தைக் கொண்டுவருகிறவர்களின் நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். தேர்வுக் காலத்தில் மாணவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து படிப்பதை நானும் பார்க்கிறேன், அவர்களுக்கு இடம் வேண்டும். ஆனால் அந்த வரைபடம் கடைசியாக வரவேண்டிய காகிதம். அதற்கு முன் சில கேள்விகளுக்குப் பதில் எழுதியாக வேண்டும். நம்மிடம் இருப்பவற்றில் எது நமக்குச் சொந்தம்? எது வாடகைக்கு இருக்கிறது? ஐம்பது வருடம் கழித்து ஒருவர் தேடி வந்தால் அதை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது?

இதற்கெல்லாம் பதில் இல்லாமல் அலமாரியைக் கழற்ற ஆரம்பித்தால், நூலகம் என்ற பெயரில் ஒரு நல்ல படிப்பறை கிடைக்கும். படிப்பறை தேவைதான். நூலகம் செய்கிற வேலையை அது செய்யாது.

அலமாரிகளைக் குறைக்கச் சொல்கிறவர்களின் வாதத்தில் பலம் உண்டு. ஒரு நூலகத்தின் இரவலில் சுமார் 80 சதவீதத்தை அதன் இருப்பில் 20 சதவீத நூல்களே ஈடுகட்டுகின்றன என்று 1969-லேயே ரிச்சர்ட் ட்ரூஸ்வெல் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். பத்து வருடம் கழித்து வந்த பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு இன்னும் பெரிய அதிர்ச்சியைக் கொடுத்தது. அங்கே 1969-ல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 சதவீதம், முதல் ஆறு வருடங்களில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை. இணையம் வருவதற்கு வெகு முன்பே வந்த கணக்குகள் இவை. அதனால் 'இந்தக் காலப் பிள்ளைகள் படிப்பதில்லை' என்ற புலம்பலுக்கு இங்கே இடமில்லை. ஆய்வு நூலகத்தின் இயல்பே இதுதான். யாருக்கு எப்போது எது தேவைப்படும் என்று தெரியாமல்தான் வாங்கி வைக்கிறோம்.

இரவல் கணக்கு முழுக் கதையைச் சொல்வதும் இல்லை. அலமாரியிலிருந்து எடுத்து, அங்கேயே மேஜையில் வைத்து நாலு பக்கம் குறிப்பெடுத்துவிட்டுப் போகிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். வரலாறு, மொழியியல், கணிதம் போன்ற துறைகளில் இப்படிப்பட்ட வாசிப்பு அதிகம். எங்களில் பலருக்கு இதற்கான எளிய வழி தெரியும். மேஜையில் கிடக்கும் நூலைத் திரும்ப அடுக்குவதற்கு முன் அதன் பார்கோடை ஒருமுறை ஸ்கேன் செய்தால் போதும், உள்புழக்கமும் கணக்கில் ஏறிவிடும். ஒரு முழுக் கல்வியாண்டாவது இதைச் செய்து பார்க்காத நூலகம் எந்த நூலைப் பற்றியும் 'யாரும் தொடுவதில்லை' என்று சொல்லக் கூடாது என்பது என் கருத்து. நீக்க வேண்டிய நூல்களின் பட்டியலைத் தயாரிக்கும்போது கடைசி இரவல் தேதியை மட்டும் வைத்து வடிகட்டுவதுதான் சுலபம். சுலபம் என்பதாலேயே அது திரும்பத் திரும்ப நடக்கிறது.

சரி, புழக்கம் குறைந்த நூல்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோவது என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை நன்றாகவும் செய்யலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1986-ல் வளாகத்துக்கு வெளியே, சவுத்பரோவில் ஒரு சேமிப்பகத்தைத் திறந்தது. அங்கே நூல்கள் பொருள்வாரியாக அடுக்கப்படுவதில்லை, உயரவாரியாக அடுக்கப்படுகின்றன. ஒரே அளவுள்ள நூல்கள் ஒரே தட்டில் நெருக்கமாக நிற்பதால் கொஞ்சமும் இடம் வீணாவதில்லை. குளிர்ச்சியும் ஈரப்பதமும் கட்டுக்குள் இருப்பதால், ஜன்னலோர அலமாரியில் வெயில் படும் நூலைவிட அங்கே இருக்கும் நூலுக்கு ஆயுள் அதிகம். கொலம்பியா, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் நியூயார்க் பொது நூலகமும் சேர்ந்து 2000-ல் இதே மாதிரி ஒரு பொதுச் சேமிப்பகத்தை அமைத்துக்கொண்டன. பின்னாளில் ஹார்வர்டும் அதில் சேர்ந்தது.

இன்னொரு வழி, எல்லாவற்றையும் வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு எடுத்துத் தரும் வேலையை இயந்திரத்திடம் விடுவது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நார்த்ரிட்ஜ் வளாகம் 1991-லேயே இதைத் தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் மன்சுவெட்டோ நூலகம் 2011-ல் திறக்கப்பட்டது. மேலே கண்ணாடிக் கூரைக்குக் கீழே படிக்கும் கூடம், தரைக்கு அடியில் 35 லட்சம் நூல்கள் கொள்ளும் பெட்டகம். சாதாரண அலமாரிகளுக்குத் தேவைப்படும் இடத்தில் ஏழில் ஒரு பங்கு அதற்குப் போதுமானது. கணினியில் கேட்டால் சில நிமிடங்களில் நூல் மேலே வருகிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹன்ட் நூலகமும் 2013-ல் இதே முறையில் திறந்தது. நூல்களை வெளியே விரட்டாமலே இடத்தைப் பெருக்க முடியும் என்பதற்கு இவை நல்ல உதாரணங்கள். இவ்வளவு பணம் எல்லாரிடமும் இருக்காது. நகரும் அலமாரிகள், அதாவது கைப்பிடியைச் சுற்றினால் தண்டவாளத்தில் நகர்ந்து வழிவிடும் ரேக்குகள், பழைய முறைதான். தரைத்தளம் எடை தாங்கும் என்று பொறியாளர் உறுதி செய்தால் அவையே இடப் பிரச்சினையைப் பெருமளவு தீர்த்துவிடும்.

நூல்களைச் சேமிப்பகத்துக்கோ பெட்டகத்துக்கோ அனுப்புவதில் ஓர் இழப்பு உண்டு. தேடி வந்த நூலுக்குப் பக்கத்தில் நிற்கும், தேடாத நூல் கண்ணில் படுவது நின்றுபோகும். இந்திய நூலகவியலின் முன்னோடியான எஸ். ஆர். ரங்கநாதன் நூல்களைப் பூட்டி வைப்பதை எதிர்த்து, வாசகரே அலமாரிக்குள் நடந்து எடுக்கும் திறந்த முறைக்காக வாதாடியவர். அவர் 1931-ல் முன்வைத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது மூன்றாவது. பொருள்வாரியாக அடுக்கிய திறந்த அலமாரிதான் அந்த விதியின் கைகால் என்று சொல்வேன். வாசகரின் நேரத்தைச் சேமி என்பது நான்காவது. நூலைத் தூரத்துச் சேமிப்பகத்துக்கு அனுப்பும்போது இந்த இரண்டு விதிகளுக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பதில் இருக்கும் இடம் நூற்பட்டியல், அதாவது கேட்லாக். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச விரும்புகிறேன், ஏனென்றால் மறுசீரமைப்புத் திட்டங்களில் ஒருவரி கூட ஒதுக்கப்படாத வேலை இது. அலமாரியில் நிற்கும் நூலுக்குப் பட்டியலில் தவறான பதிவு இருந்தாலும் பிழைத்துக்கொள்ளும், யாராவது கண்ணால் பார்த்து எடுத்துவிடுவார்கள். சேமிப்பகத்துக்குள் உயரவாரியாக அடுக்கப்பட்ட நூலுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. அதன் பதிவு எப்படி இருக்கிறதோ அவ்வளவுதான் அது. பதிவில் நூல் எதைப் பற்றியது என்று சொல்லும் பொருள்தலைப்பு இல்லையென்றால், ஆசிரியர் பெயர் பிழையாக இருந்தால், அந்த நூல் இருந்தும் இல்லாததுதான்.

ரோமன் எழுத்தில் எழுதப்படாத மொழிகளின் நூல்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. தமிழ் நூல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கணினிப் பதிவுகளில் தலைப்பு ரோமன் எழுத்துப் பெயர்ப்பில் இருக்கும். 'ழ' ஒரு பதிவில் ஒரு விதமாக, அடுத்ததில் வேறு விதமாக இருக்கும். குறில் நெடில் வேறுபாட்டுக்கான கோடுகள் தரவு மாற்றத்தின்போது உதிர்ந்து போயிருக்கும். ஆசிரியரின் தலைப்பெழுத்து ஒரு பதிவில் பெயருக்கு முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் குடும்பப் பெயர் என்று தவறாக நினைத்துத் தலைகீழாக. இதனால் ஒரே ஆசிரியர் மூன்று ஆளாகப் பிரிந்து கிடப்பார். வாசகர் தமிழ் எழுத்தில் தட்டித் தேடினால் ஒன்றும் வராது. நூல் திறந்த அலமாரியில் இருக்கும்வரை தமிழ் வரிசைக்கு நடந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். நூலைச் சேமிப்பகத்துக்கு அனுப்பிய நாளில் அந்த வழியும் அடைபட்டது. ஆகவே நகர்த்தும் செலவோடு பதிவுகளைத் திருத்தும் செலவையும், மூல எழுத்திலேயே தலைப்பைச் சேர்க்கும் வேலையையும், பொருளடக்கத்தையாவது ஸ்கேன் செய்து பதிவோடு இணைப்பதையும் ஒரே வரவுசெலவில் போட வேண்டும். 'முதலில் நகர்த்துவோம், அப்புறம் திருத்துவோம்' என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. அந்த அப்புறம் வருவதே இல்லை.

நகர்த்துவது ஒன்று, கழிப்பது, அதாவது இருப்பிலிருந்தே நீக்குவது, வேறொன்று. கழித்தே ஆகவேண்டிய நூல்களும் இருக்கின்றன. ஒரு மென்பொருளின் காலாவதியான பதிப்புக்கான கையேட்டைப் பத்துப் பிரதி வைத்திருப்பதில் பொருளில்லை. தவறான மருத்துவத் தகவல் உள்ள பழைய பாடநூல் மாணவர் கைக்குக் கிடைப்பது ஆபத்தும்கூட. ஒரே ஒரு நிபந்தனை: நாம் கழிக்கும் பிரதி கடைசிப் பிரதியா என்று பார்த்துவிட்டுக் கழிக்க வேண்டும்.

இதைத் தனி ஒரு நூலகம் பார்க்க முடியாது, கூட்டாகத்தான் முடியும். பிரிட்டனில் 2007-ல் தொடங்கிய ஆய்வு இருப்புத் திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. அதிகம் புழங்காத அச்சு இதழ்களைக் கழிக்க விரும்பும் பல்கலைக்கழகம் முதலில் பட்டியலைக் கொடுக்க வேண்டும். பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரு பிரதி, உறுப்பு நூலகங்களில் இரண்டு பிரதி என்று குறைந்தது மூன்று பிரதிகள் தங்குவது உறுதியான பிறகுதான் மற்றவர்கள் தங்கள் பிரதியைக் கழிக்கலாம். யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள் வைத்திருப்பதாக எழுத்தில் ஒப்புக்கொள்கிறார்கள். கழிக்கும் உரிமையோடு காக்கும் கடமையையும் இப்படிப் பங்கு போட்டதுதான் எனக்குப் பிடித்த அம்சம். இப்படி ஓர் ஏற்பாடு இல்லாத இடத்தில் ஒவ்வொரு நூலகமும் 'பக்கத்து நூலகத்தில் இருக்கும்' என்று நம்பிக் கழிக்கும். பக்கத்து நூலகமும் அதையே நம்பிக் கழித்திருக்கும்.

ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் சொல்லாமல் செய்வது இன்னொரு தவறு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா க்ரூஸ் வளாகத்தில் 2016-ல் அறிவியல் நூலகத்திலிருந்து பல்லாயிரம் நூல்கள் அகற்றப்பட்டபோது பேராசிரியர்கள் கொதித்துப் போனார்கள். அகற்றியவர்களுக்கு அவர்கள் பக்க நியாயங்கள் இருந்தன. ஆனாலும் கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் அலமாரி காலி என்றால் யாருக்கும் கோபம் வரும். பட்டியலை முன்கூட்டியே வெளியிட்டு, ஒரு பருவம் முழுக்க அவகாசம் கொடுத்து, 'இதை விட்டுவையுங்கள்' என்று ஒருவர் கேட்டாலே விட்டுவைப்பது என்று வைத்தால் கழிக்கும் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. நம்பிக்கை கெடாது.

இதுவரை பேசியது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம். அலமாரி போனால் சண்டை வரும், கடிதம் வரும், கையெழுத்து இயக்கம் நடக்கும். கண்ணுக்குத் தெரியாத பெரிய மாற்றம் ஒன்று பல வருடங்களாக நடந்து வருகிறது, அதற்கு யாரும் கையெழுத்து வாங்கவில்லை. நூலகங்கள் வாங்குவதை நிறுத்திவிட்டு வாடகைக்கு எடுக்க ஆரம்பித்திருக்கின்றன.

அச்சு இதழுக்குச் சந்தா கட்டிய காலத்தில், சந்தாவை நிறுத்தினால் புது இதழ் வராது, அவ்வளவுதான். அதுவரை வந்தவை பைண்டு செய்யப்பட்டு நம் அலமாரியில் இருக்கும். மின்னிதழில் அப்படி இல்லை. ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்காவிட்டால், சந்தா நின்ற நாளில் இருபது வருடத்துப் பின்னிதழ்களும் சேர்ந்து மறைந்துவிடும். மின்னூல்களில் நிலைமை இன்னும் மோசம். 2022 ஆகஸ்ட் மாத முடிவில், கல்வியாண்டு தொடங்குகிற நேரத்தில், ப்ரோக்வெஸ்ட் நிறுவனத்தின் சந்தாத் தொகுப்பிலிருந்து வைலி பதிப்பகம் தன் மின்னூல்களில் 1,379 தலைப்புகளை விலக்கிக்கொண்டது. பலவும் பாடத்திட்டத்தில் இருந்தவை. எதிர்ப்பு கிளம்பியதும் அந்தக் கல்வியாண்டுக்கு மட்டும் திரும்பச் சேர்த்தார்கள். நூலகர்கள் எதையும் கழிக்கவில்லை, எந்தக் கூட்டமும் நடக்கவில்லை, ஒருநாள் காலையில் அந்த நூல்கள் இல்லை.

ப்ரோக்வெஸ்டை இப்போது வைத்திருக்கும் கிளாரிவேட் நிறுவனம் 2025 பிப்ரவரியில் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வாங்கும் முறையையே படிப்படியாக நிறுத்தப் போவதாகவும் இனி சந்தா முறைதான் என்றும் அறிவித்தது. உலகம் முழுக்க நூலகர்கள் எதிர்த்ததில் காலக்கெடுவை 2026 ஜூன் வரை தள்ளி வைத்தார்கள். தள்ளி வைத்தார்கள், கைவிடவில்லை. ஒரு நூலகம் விரும்பினாலும் சொந்தமாக வாங்க முடியாத நிலை இப்படித்தான் உருவாகிறது. எந்தத் தளத்தில் எந்த நாற்காலி போடுவது என்பதை விட இந்தச் செய்தியைப் பற்றித்தான் கல்விக் குழுக்களில் மணிக்கணக்காகப் பேச வேண்டும். பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய கவலை.

'எல்லாம் டிஜிட்டலில் இருக்கிறதே' என்று சொல்பவர்களுக்கு பிரிட்டிஷ் நூலகத்துக்கு நடந்ததை நினைவூட்டுவேன். 2023 அக்டோபரில் அதன்மீது நடந்த இணையத் தாக்குதலில் கணினி அமைப்புகள் முடங்கின. நூற்பட்டியல் ஓரளவுக்காவது திரும்ப வந்தது 2024 ஜனவரியில்தான். பிரிட்டனின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தேடிப் படிக்கத் தந்த சேவை அதற்குப் பிறகும் நீண்ட காலம் முடங்கிக் கிடந்தது. கட்டடம் நின்றது, நூல்கள் அப்படியே இருந்தன, ஆனால் எது எங்கே என்று கேட்டுப் பெறும் வழி அறுந்துவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், ஒற்றை சர்வரில் எல்லா ஆய்வேடுகளையும் வைத்திருக்கும் நூலகங்கள் உடனே யோசிக்க வேண்டும். பிரதி ஒன்றுக்கு மேல், இடம் ஒன்றுக்கு மேல், நிர்வகிக்கிறவர் ஒன்றுக்கு மேல் என்று இருந்தால்தான் தாங்கும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய லாக்ஸ் திட்டம் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். பல நூலகங்கள் தங்கள் சொந்தக் கணினிகளில் மின்னிதழ்களின் பிரதிகளை வைத்துக்கொள்ளும், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, கெட்டுப்போன பிரதியை நல்ல பிரதியிலிருந்து சரிசெய்துகொள்ளும். போர்டிகோ என்ற காப்பகம் 2005 முதல் வேறு வழியில் அதே வேலையைச் செய்கிறது. நம் சந்தாவில் உள்ள எந்தெந்த இதழ்கள் இப்படி எங்காவது காக்கப்படுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பது ஒருவர் சில வாரங்களில் முடிக்கக்கூடிய வேலை. சிறு பதிப்பகங்களின் இதழ்களும், பெரிய மொழிகளில் வராத இதழ்களும்தான் பெரும்பாலும் எதிலும் இல்லாமல் விடுபட்டிருக்கும். அங்கேதான் நம் கை போக வேண்டும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பெரிய பதிப்பகங்களின் மொத்தச் சந்தாக்கள் நூலக வரவுசெலவை விழுங்குவது பழைய கதை. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2019-ல் எல்செவியர் பதிப்பகத்துடனான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் எழுந்து வந்து, 2021-ல் தன் ஆய்வாளர்களின் கட்டுரைகள் எல்லாருக்கும் திறந்திருக்கும் என்ற நிபந்தனையோடு புது ஒப்பந்தம் போட்டது. சேர்ந்து நின்றால் பேரம் நடக்கும் என்று அது காட்டியது. இந்தியாவில் 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டம், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. சின்னக் கல்லூரி மாணவருக்கு இதனால் கிடைக்கும் நன்மை மிகப் பெரிது, மனதார வரவேற்கிறேன். அதே நேரத்தில், திட்டக்காலம் முடியும் நாளில் கையில் என்ன மிஞ்சும் என்ற கேள்வி எவ்வளவு பெரிய ஒப்பந்தத்துக்கும் பொருந்தும்.

இனி படிப்பறைக்கு வருகிறேன். இடத்தை மாற்றியமைக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கருத்துக்கணிப்புப் படிவத்தை நம்ப வேண்டாம், போய்ப் பாருங்கள். ராச்செஸ்டர் பல்கலைக்கழக நூலகம் 2004-ல் நான்சி ஃபிரைட் ஃபாஸ்டர் என்ற மானிடவியலாளரை வைத்து மாணவர்களின் வாழ்க்கையை ஆராய்ந்தது. மாணவர்களிடம் கேமரா கொடுத்துப் படமெடுக்கச் சொன்னார்கள். ஒரு நாளில் எங்கெங்கே போனார்கள் என்று வரைபடத்தில் குறிக்கச் சொன்னார்கள். தங்களுக்கு வேண்டிய நூலகத்தை வரைந்து காட்டச் சொன்னார்கள். நூலகர்கள் உதவி மேஜையை மூடிவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் பல மாணவர்கள் கட்டுரை எழுதவே உட்கார்கிறார்கள் என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. எந்தப் படிவமும் இதைச் சொல்லியிருக்காது, ஏனென்றால் நூலகர்களுக்கு அந்தக் கேள்வியே தோன்றியிருக்காது.

2014-ல் தொடங்கிய ஃபுளோரிடா பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் அச்சு நூலே இல்லாத நூலகத்தோடு திறந்தது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல் துறைகளுக்கான புதிய நிறுவனத்துக்கு அது ஒத்துப்போகலாம். நூறு வருடச் சேகரம் உள்ள பல்கலைக்கழகம் அதைப் பார்த்து ஆசைப்படுவதில் அர்த்தமில்லை. அப்புறம், கூட்டாகப் பேசிப் படிக்கும் இடங்களைப் பெருக்கும் ஆர்வத்தில் அமைதியான இடத்தைத் தின்றுவிடுவது எங்கும் நடக்கிறது. வீட்டில் தனி அறை இல்லாத மாணவருக்குப் பேச இடம் எங்கேயும் கிடைக்கும். பேசாமல் இருக்க இடம் நூலகத்தில் மட்டும்தான் கிடைக்கும்.

மறுசீரமைப்பில் மனிதர்கள் கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஒரு துறைக்கு ஒரு நூலகர் என்ற பழைய முறையைக் கலைத்துவிட்டு, வேலைக்கு ஒரு குழு என்று பல நூலகங்கள் மாறி வருகின்றன: ஆய்வுத் தரவுக்கு ஒரு குழு, ஆய்வுக் கட்டுரைகளை எல்லாரும் இலவசமாகப் படிக்கத் தரும் திறந்த அணுக்கத்துக்கு ஒரு குழு, கற்பித்தலுக்கு ஒரு குழு. இதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011 முதல் நிதி கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் தரவு மேலாண்மைத் திட்டத்தைக் கேட்கிறது. மற்ற நிதி நிறுவனங்களும் அதே வழியில் வந்துவிட்டன. தரவைக் கண்டறியக்கூடியதாக, அணுகக்கூடியதாக, மற்றத் தரவோடு இணையக்கூடியதாக, மறுபடி பயன்படுத்தக்கூடியதாக வைக்க வேண்டும் என்ற நெறிகள் 2016-ல் வெளியாயின. ஆய்வாளருக்கு இதில் உதவத் தெரிந்த ஆள் நூலகத்தில் வேண்டும்.

ஆனாலும் துறை நூலகரை ஒழித்துவிட்டுக் குழுக்களை மட்டும் வைத்தால் இழப்பது அதிகம். தமிழ்த் துறைக்கென்று ஒரு நூலகர் பல வருடம் இருந்தால், எந்தப் பேராசிரியர் எதில் வேலை செய்கிறார், எந்தச் சிறுபத்திரிகையின் எந்த இதழ் நம்மிடம் இல்லை, யாருடைய வீட்டுச் சேகரம் நூலகத்துக்கு வரக்கூடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இந்த அறிவு எந்த மென்பொருளிலும் ஏறாது. அவர் ஓய்வு பெறும்போது அந்தப் பதவியையும் சேர்த்து மூடுவதுதான் இன்று எளிதாகக் கிடைக்கும் சிக்கனம். குழுக்கள் வரட்டும், துறையை அறிந்தவரும் இருக்கட்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை என்றால், இருப்பவருக்குத் தரவு வேலையைக் கற்றுக்கொடுப்பது, தரவு தெரிந்த புதியவருக்குத் துறையைக் கற்றுக்கொடுப்பதை விடச் சீக்கிரம் நடக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்த ஆட்களின் தேவை கூடித்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் உதவி மேஜைக்கு வரும் கேள்விகளில் ஒரு புது வகை சேர்ந்திருக்கிறது. ஆசிரியர் பெயர், இதழ் பெயர், தொகுதி எண், பக்க எண் எல்லாம் சரியாகத் தோன்றும் ஒரு கட்டுரையைக் கேட்பார்கள். தேடினால் அந்த இதழின் அந்தத் தொகுதியில் அப்படி ஒன்று இருக்காது. ஆசிரியர் உண்மையானவராக இருப்பார், கட்டுரை மட்டும் எந்திரம் கட்டியது. 'எங்களிடம் இல்லை' என்பதற்கும் 'இப்படி ஒன்று எழுதப்படவே இல்லை' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உறுதியாகச் சொல்ல, முழுமையான பட்டியலும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் வேண்டும். மின்னிதழ் ஒப்பந்தங்களிலும் புதிய விதிகள் ஏறுகின்றன. சந்தா கட்டிய கட்டுரைகளை ஆய்வாளர் தன் கணினியில் எந்திர வாசிப்புக்கு உட்படுத்தலாமா கூடாதா என்பது சின்ன எழுத்தில் எழுதப்பட்டிருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் படித்து மறுக்கிற ஆள் நூலகத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயம். பெரிய பதிப்பகத்தின் தொகுப்பு எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஒன்றுதான். ஒரு நூலகத்தை மற்றதிலிருந்து வேறுபடுத்துவது அங்கே மட்டும் இருப்பவை: அந்தப் பல்கலைக்கழகத்து ஆய்வேடுகள், கள ஆய்வுக் குறிப்பேடுகள், பேராசிரியர்கள் பதிவு செய்த வாய்மொழிக் கதைகள், பாடல்கள், நிழற்படங்கள், கையெழுத்துப் படிகள். வெளியிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுவந்த நூலகம், இனி உள்ளே இருப்பதை வெளியே கொண்டுபோக வேண்டும் என்று லோர்கன் டெம்ப்ஸி போன்ற நூலகவியல் அறிஞர்கள் சொல்லி வருவது இதைத்தான். இவற்றை வாடகைக்கு விட யாரும் வரமாட்டார்கள், தொலைத்தால் இன்னொரு பிரதியும் கிடைக்காது.

இவற்றில் பெரும்பகுதி நூலகத்திலேயே இல்லை. துறை அறைகளின் பீரோக்களில், ஓய்வு பெற்றவர்களின் வீடுகளில், பெயர் எழுதாத கேசட்டுகளிலும் திறக்க முடியாத பழைய குறுந்தகடுகளிலும் கிடக்கிறது. காந்த நாடா காலத்தோடு சிதையும் பொருள். அதை ஓடவைக்கும் கருவிகளும் அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் வேகமாகக் குறைந்து வருகிறார்கள். பதிவில் பேசியவர் யார், எந்த ஊரில், எந்த வருடம் என்று சொல்லக்கூடிய பேராசிரியர்களுக்கும் வயதாகிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்காவிட்டால், டிஜிட்டல் ஆக்கிய பிறகும் அது யாருடையது என்று தெரியாத குரலாகவே இருக்கும். பேசியவர்களின் சம்மதத்தையும், எதை எல்லாருக்கும் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்பதையும் அப்போதே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

அதனால் நூல்களை நகர்த்திக் காலியாகும் இடத்தில் முதல் அறையை இதற்குக் கேட்கிறேன். நன்றாக ஓடும் இரண்டு கேசட் கருவிகள், ஒரு ஸ்கேனர், தூசி துடைக்க ஒரு மேஜை, மூன்று இடங்களில் பிரதி வைக்கும் ஏற்பாடு, கூடவே பேராசிரியர்களின் வீட்டுக்குப் போய்ப் பெட்டிகளை வாங்கிவந்து பேச்சுக் கொடுத்து விவரம் எழுதிக்கொள்ள நிரந்தரப் பதவியில் ஒரு நூலகர். நாற்காலிகளை அதற்கு அடுத்த அறையிலிருந்து போட ஆரம்பிக்கலாம்.